அம்மப்பாவின் யஷிகாவைக் கட்டாருக்குக் கொண்டுபோகலாமா?

உடுப்பிட்டியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மப்பாவின் இரும்பு அலுமாரிக்குள் யஷிகா மாற் 124ஜி என்ற ஒரு பழைய பிலிம் கமரா கிடந்ததாம். வேலை கிடைத்து டோஹா போகப் போகிறார், அங்கே பாலைவனத்தில் நிற்கும் சிற்பங்களை இந்தக் கமராவால் பிடிக்க ஆசை. கொண்டுபோகலாமா, இல்லாவிட்டால் காசைச் சேர்த்து ஒரு நல்ல டிஜிற்றல் கமரா வாங்குவது புத்தியா என்பதுதான் கேள்வி.

கொண்டுபோங்கள் தம்பி. ஆனால் விமானம் ஏற முதல் ஒரு பிலிம் றோலை வடமராட்சியின் மணல்காட்டில் நாசமாக்கிவிட்டுப் போங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் படப்பிடிப்பாளன் இல்லை. டோஹாவில் ஏழு வருசம் ஏசி திருத்தினேன், வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. அந்த வெள்ளிக்கிழமைகளில் உங்களிடம் இருக்கும் அதே மொடல் கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, யார் வாகனத்தில் இடம் கிடைக்கிறதோ அவர்களோடு ஒட்டிக்கொண்டு போவேன். அதனால் இது படித்துச் சொல்வதை விட பட்டுச் சொல்வதுதான் கூட.

முதலில் கமராவைப் பாருங்கள். இரவில் பின் கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் வைத்து அமத்திப் பிடித்துக்கொண்டு, கைபேசி ரோர்ச்சை லென்ஸ் வழியே அடியுங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் ஓடியிருந்தால் அது பூஞ்சணம். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையை இரும்பு அலுமாரிக்குள், அதுவும் தோல் உறைக்குள் இருந்து கழித்த கமராவில் பூஞ்சணம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கமராவுக்கு ஊட்டும். அதை இன்றைக்கே கழற்றி வேறாக வையுங்கள். அதற்காகப் பயப்படவும் வேண்டாம். இந்தக் கமராவுக்கு இரண்டு கண். மேல் லென்ஸ் நீங்கள் பார்ப்பதற்கு மட்டும், படம் விழுவது கீழ் லென்ஸால். பூஞ்சணம் மேலே மட்டும் என்றால் படத்துக்கு ஒரு சேதமும் இல்லை. கீழே ஓரத்தில் கொஞ்சம் இருந்தாலும் ஒரு றோல் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்லலாம். நான் முதல் வாங்கியது 'புத்தம் புதுசு மாதிரி' என்று விளம்பரத்தில் போட்டிருந்தது, வந்து பார்த்தால் கீழ் லென்ஸுக்குள் ஒரு சின்னக் காடு. அதிலும் எடுத்த படங்கள் மோசமில்லை, வெயிலுக்கு எதிரே பிடித்தால் மட்டும் பால் ஊற்றின மாதிரி வெளிறும்.

உள்ளே இருக்கும் கண்ணாடியை மட்டும் துடைக்காதீர்கள். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு இரசம் பின்பக்கம், இதற்கு முன்பக்கம். நான் வேட்டித் துணியால் மெதுவாகத்தான் துடைத்தேன், துணியோடு வெள்ளியும் வந்துவிட்டது. ஊதுகிற பம்ப் ஒன்றால் ஊதுவதோடு நிறுத்துங்கள்.

பிறகு ஷட்டர். ஒரு செக்கனில் வைத்து அமத்தினால் 'ஸ்ஸ்ர்ர்' என்று சீராக ஓடி முடிய வேண்டும். நடுவில் நின்று யோசித்தால் எண்ணெய் இறுகிவிட்டது, மெதுவான வேகங்களை மறந்துவிடுங்கள். நல்ல காலம், பாலைவனத்தில் உங்களுக்கு 125, 250 (ஒரு செக்கனில் அத்தனையில் ஒரு பங்கு) போதும், அவை பெரும்பாலும் கடைசியாகத்தான் கெடும். 500 வேண்டுமென்றால் பிலிமைச் சுற்ற முதல் அதில் வையுங்கள், சுற்றிய பிறகு திருப்பினால் நெம்ப வேண்டி வரும். செல்ஃப் ரைமர் விசையைத் தொடவே தொடாதீர்கள். அம்பது வருசமாகத் தூங்குகிற பல்சக்கரத்தை எழுப்பி, அது பாதியில் மாட்டிக்கொண்டால் முழுக் கமராவும் போச்சு.

மேல் மூடியைத் திறந்ததும் வெளிச்சம் அளக்கும் மீற்றரின் முள் அசையும் என்று எழுதியிருப்பார்கள், உங்களுடையதில் அசையாது, ஏனென்றால் பற்றரி இல்லை. அந்தக் காலத்துப் பற்றரி 1.35 வோல்ற் பாதரச வகை, நஞ்சு என்று தடைசெய்துவிட்டார்கள். அதே அளவில் இப்போது விற்பது 1.5 வோல்ற், அதைப் போட்டால் மீற்றர் வெளிச்சம் கூட என்று பொய் சொல்லும், படம் இருண்டுபோகும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 நம்பர் பற்றரியை பாமஸியில் கேளுங்கள், அது 1.4 வோல்ற், கிட்டத்தட்ட சரி. அளவில் கொஞ்சம் சின்னது, சுற்றிவர ஒரு றப்பர் வளையம் போட்டால் இறுகும். ஒட்டியிருக்கும் தாளை உரித்த நேரத்தில் இருந்து அது சாகத் தொடங்கும், மூடி வைத்தாலும் சில கிழமைதான். உண்மையைச் சொன்னால் நான் மீற்றரைக் கைவிட்டு வருசக்கணக்கு.

இன்னொன்று. 124 என்ற பெயரே 12, 24 என்ற இரண்டு கணக்கில் இருந்து வந்தது. 120 றோலில் 12 படம், 220 றோலில் 24 படம். பின்கதவில் பிலிமை அமத்தும் தகட்டை நகர்த்தி அதைத் தெரிவுசெய்ய வேண்டும். 220 இப்போது கண்ணில் படுவதே அரிது, ஆகவே தகடு 12இல் நிற்கிறதா என்று பாருங்கள்.

சரி, மணல்காடு. வடமராட்சி கிழக்கில், குடத்தனை தாண்டிக் கடலோரம். உங்கள் வீட்டில் இருந்து மோட்டார் சைக்கிளில் போய் வரலாம். சவுக்கு மரங்கள், அதற்கு இங்கால் மணல் மேடுகள், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் இடிபாடு. சுவர் நிற்கிறது, கூரை இல்லை, வாசலுக்குள்ளாலேயே மணல் ஏறியிருக்கிறது. பாலைவனம் இல்லைத்தான், ஆனால் பாலைவனத்தில் நீங்கள் விடப்போகும் அத்தனை பிழைகளையும் இங்கேயே விடலாம், ரிக்கெற் செலவில்லாமல்.

முதல் பிழை வெளிச்சத்தில். எந்த மீற்றரும், உங்கள் அம்மப்பாவினதும் சரி, நேற்று வந்த டிஜிற்றலும் சரி, எதிரே இருப்பது சராசரிச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். வெயிலில் மின்னுகிற மணலைக் காட்டினால், அடடா வெளிச்சம் கூடிப்போச்சு என்று துளையைச் சின்னதாக்கச் சொல்லும். கேட்டால் வெள்ளை மணல் சீமெந்துத் தூள் மாதிரி வரும். மீற்றரே இல்லாத காலத்துப் பழைய கணக்கு இன்றும் வேலை செய்யும்: மேகமில்லாத வெயிலில் எஃப்16 (இது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சின்னது), பிலிமின் வெளிச்ச உணர்வு ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 125, பிலிம் 400 என்றால் 500. பழைய கமராவில் 100க்குச் சரியாக நிற்கும் வேகம் இல்லாததால்தான் 125, அந்த வித்தியாசம் பிலிமில் தெரியாது. மணலில் மீற்றர் எஃப்22 என்று அழும், நீங்கள் 16இலேயே நில்லுங்கள். நெகற்றிவ் பிலிம் கூடின வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்ததைத்தான் மன்னிக்காது. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஒவ்வொரு படியாகத் திறந்துகொண்டு போக வேண்டும், எவ்வளவு என்பது கைக்குப் பழகுவது. அதற்குத்தான் அந்த ஒரு றோல்.

இரண்டாவது பிழையை நான் கட்டாரில் செய்தேன், நீங்கள் மணல்காட்டில் செய்யுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டாமல், நின்ற நிலையில் பின் கதவைத் திறந்து றோல் மாற்றினேன். பிலிம் ஓடும் உருளையில் ஒரே ஒரு மணல் ஒட்டியிருக்க வேண்டும். கழுவிப் பார்த்தால் பன்னிரண்டு படத்திலும் ஒரே இடத்தில், மேலிருந்து கீழாக, மயிர் மொத்தத்தில் ஒரு கறுப்புக் கோடு, படத்துக்குப் படம் அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி. மருந்துப் பக்கம் சுரண்டுப்பட்டால் அச்சில் கோடு கறுப்பாகத்தான் வரும், ஸ்கான் பண்ணித் திருத்தவும் மணித்தியாலக் கணக்கு ஆகும். இப்போது ஒரு கறுப்பு ரீசேர்ட்டின் கைகளுக்குள்ளால் கையை விட்டு, கமராவை உள்ளே வைத்து மாற்றுகிறேன். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

இனிக் கட்டார். நீங்கள் சொல்லும் சிற்பம் பெரும்பாலும் ரிச்சர்ட் செராவின் 'கிழக்கு–மேற்கு / மேற்கு–கிழக்கு' ஆக இருக்கும், டோஹாவுக்கு மேற்கே செக்ரீற் பக்கம், புறூக் இயற்கைக் காப்பிடத்துக்குள். 2014இல் நிறுத்தினார்கள். ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் ஒரு நேர்கோட்டில் நான்கு உருக்குத் தகடுகள், அவ்வளவுதான். கடைசித் துண்டு வீதி இல்லை, மண் தடம். சின்னக் காரோடு போய் நாங்கள் ஒருமுறை இரண்டு மணித்தியாலம் மணல் தோண்டினோம். நவம்பரில் இருந்து மார்ச் வரை போங்கள், மற்ற மாதங்களில் படம் எடுக்கும் ஆசையே வராது.

முதல் தடவை போனபோது எனக்கு அது ஒன்றுமாகத் தெரியவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். துருப்பிடித்த நான்கு பலகை, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று கூட வந்தவர் கேட்டார், என்னிடம் பதில் இல்லை. நடந்த பிறகுதான் விளங்கியது. தகடுகள் ஒரே உயரம் இல்லை, இரண்டு 14.7 மீற்றர், இரண்டு 16.7 மீற்றர். தரை பள்ளமாக இருக்கும் இடத்தில் உயரமானது, மேடான இடத்தில் கட்டையானது. ஆகவே நான்கின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்கிறது, இரண்டு பக்கமும் இருக்கும் ஜிப்சக் குன்றுகளின் தலையும் அதே மட்டம்தான். மேசன்மார் நீர்மட்டம் பிடிப்பார்களே, அதேதான். அந்த மனிசன் ஒரு பள்ளத்தாக்குக்கே மட்டம் பிடித்துவிட்டுப் போயிருக்கிறார். வெறும் பாலையில் தரை இறங்குகிறதா ஏறுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. தகடு நின்ற பிறகுதான் நிலத்தின் வளைவு தெரிகிறது.

இப்போது அதைப் படத்தில் கொண்டுவருவதுதான் வில்லங்கம். இந்தக் கமராவில் லென்ஸை மாற்ற முடியாது, 80 மில்லிமீற்றர், சதுரப் படத்துக்கு அது மனிதக் கண் மாதிரி, அகலம் இல்லை. தள்ளி நின்று நாலையும் அடக்கினால் நாலு தீக்குச்சி. கிட்டப் போனால் ஒரு தகட்டின் கால்வாசி. அந்த முதல் நாள் எடுத்த பன்னிரண்டில் பத்து குப்பை. மிஞ்சிய இரண்டில் ஒன்று, கோட்டின் ஒரு நுனியில் நின்று நான்கையும் ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கியது. மற்றது தற்செயல்: மத்தியானம், ஒரு தகட்டின் ஒடுங்கிய நிழலுக்குள் எங்களை ஏற்றிவந்த நேபாளத்துச் சாரதி குந்தியிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தலை அளவுதான் படத்துக்கு அடிமட்டம். ஆளில்லாத படங்களில் அந்தத் தகடு நாலடியா நாற்பதடியா என்று யாருக்கும் தெரியாது. பிறகு போன நேரமெல்லாம் யாரையாவது நடக்கவிட்டுத்தான் எடுத்தேன். ஒருவரும் இல்லாவிட்டால் என் காலடித் தடத்தையாவது சட்டத்துக்குள் விட்டேன். நிழல் பக்கத்தைப் பிடிப்பதென்றால் எஃப்16ஐ மறந்துவிட்டு இரண்டு படி திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தகடு வெறும் கறுப்புக் கட்டம், துருவின் நிறம் போய்விடும். அந்தத் துரு பழுது இல்லை. மேலே ஒரு துருப் படை பிடித்து உள்ளே இருப்பதைக் காக்கும் வகை உருக்கு அது. சாம்பலாக வந்தது செம்மஞ்சளாகிப் பிறகு கருஞ்சிவப்புக்குப் போகும். கைக்கெட்டும் உயரத்தில் ஆணியால் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். இதயமும் அம்பும் கூட. எங்கள் கோட்டைச் சுவரில் எழுதும் கூட்டத்துக்கு உலகமெல்லாம் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.

செராவைவிட எனக்குப் பிடித்தது யாரும் அதிகம் போகாத ஜஸாசியா. நாட்டின் வடகிழக்குக் கரையில், தட்டையான சுண்ணாம்புப் பாறைகளில் பழையவர்கள் செதுக்கியவை. 1973 கடைசியிலும் 1974 தொடக்கத்திலும் டென்மார்க்குத் தொல்லியலாளர்கள் வந்து 874 செதுக்கல்களைப் பதிவுசெய்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சின்னச் சின்னக் குழிகள். இரண்டு வரிசையாக ஓடும் குழிகளைக் கண்டதும் பல்லாங்குழி என்றுதான் எங்கள் வாயில் வந்தது, ஆய்வாளர்களும் அவற்றில் சில விளையாட்டுப் பலகையாக இருக்கலாம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் என்னைப் பிடித்து வைத்தவை வள்ளங்கள். பக்கவாட்டில் கீறாமல், மேலே இருந்து பார்த்த மாதிரிச் செதுக்கியிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் தண்டுகள் நீட்டிக்கொண்டிருப்பதால் எனக்கு முதலில் மட்டத்தேள் என்றுதான் பட்டது. என்னோடு வந்தவன் குருநகரில் கடற்றொழில் குடும்பத்துப் பொடியன், அவன்தான் குந்தியிருந்து ஒரு கோட்டின் வழியே விரலை ஓட்டிக்கொண்டு போய், "அண்ணை, இஞ்ச பாருங்கோ, நங்கூரத்தையும் போட்டு வைச்சிருக்கிறாங்கள்" என்றான். கயிறு, அதன் நுனியில் கல் நங்கூரம். நான் கமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் காணவே இல்லை.

அங்கே மத்தியானம் போய்ப் பிரயோசனமில்லை. தலைக்கு மேல் வெயில் நின்றால் குழிக்குள் நிழல் விழாது, பாறை வெறும் பாறை. சூரியன் எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள், அல்லது விழ ஒரு மணித்தியாலம் இருக்க, வெளிச்சம் பாறையைத் தடவிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு வள்ளமும் கல்லில் இருந்து எழும்பி வரும், பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் வேறொன்று தெரியும். இதே விசயம் பெருவின் நாஸ்காக் கோடுகளுக்கு இல்லை. அங்கே மேலே கிடந்த கடும் நிறக் கற்களை அகற்றிக் கீழே இருக்கும் வெளிறிய மண்ணைக் காட்டிக் கோடு போட்டிருக்கிறார்கள், அது நிற வித்தியாசம். ஜஸாசியாவில் நிறம் ஒன்றே, நிழல்தான் எல்லாம். அதனால் கறுப்பு வெள்ளைப் பிலிம் இங்கே சும்மா பழமைக்காக இல்லை, உண்மையிலேயே வசதி. சுண்ணாம்பு சாந்து கரைத்துச் செதுக்கலுக்குள் பூசிப் படம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அடித்துத் துரத்துங்கள். தண்ணீரும் தெளிக்க வேண்டாம்.

மூன்றாவது, ஓலாஃபுர் எலியாஸன் என்ற கலைஞர் 2022இல் செய்தது, வடமேற்கே அல் சுபாராக் கோட்டை இருக்கும் பக்கம். மணலில் 20 வட்டக் கூரைகள், கீழ்ப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நீங்கள் தலைகீழாக மணலில் நிற்கிறீர்கள், கூரையைத் தாங்கும் அரைவளையம் கண்ணாடியில் சேர்ந்து முழு வளையமாகிவிடும். அண்ணாந்து பார்க்க வேண்டிய இடத்துக்கு, குனிந்து பார்க்கும் கமராவோடு போய்விட்டேன்! கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, கமராவை மணலில் ஒரு துவாய் விரித்து மல்லாக்கக் கிடத்தினேன். லென்ஸ் இரண்டும் மேலே பார்க்கும், பார்க்கும் கண்ணாடி பக்கவாட்டில் திரும்பிவிடும், நான் வயிறு மணலில் பட நீட்டிப் படுத்துக்கொண்டு பார்த்தேன். இந்தக் கமராவில் இடம் வலம் மாறித்தான் தெரியும், அதற்குள் கண்ணாடியில் தலைகீழ் உலகம், கையை எந்தப் பக்கம் அசைக்கிறேன் என்று பிடிபட எனக்கு ஐந்து நிமிசம். படத்தில் கமராவும், அதன் பக்கத்தில் முதலை மாதிரி நானும் வந்திருக்கிறோம். அந்த ஒன்றைத்தான் பெரிதாக்கி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

இனி டிஜிற்றல் கேள்விக்கு. பிலிமில் ஒரு மாயம் இருக்கிறது, ஆத்மா இருக்கிறது என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள், கைபேசியே இதைவிடக் கூர்மையாக எடுக்கும். இந்தக் கமரா தருவது பன்னிரண்டு என்ற எல்லை. ஒரு கிலோமீற்றர் நீளமான சாமானைப் பன்னிரண்டு படத்தில் எடுக்க வேண்டுமென்றால் முதலில் அதன் முழு நீளத்தையும் நடந்தே ஆக வேண்டும். கைபேசியோடு வந்தவர்கள் முதல் தகட்டோடு திரும்பி வாகனத்தில் ஏசி போட்டுக்கொண்டு இருந்தார்கள், நானே கண்டிருக்கிறேன். காசு மிஞ்சினால் டிஜிற்றலும் வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது.

பிலிமைக் கைப்பையில் கொண்டுபோங்கள், பெரிய பெட்டிக்குள் போட்டால் அங்கே அடிக்கும் எக்ஸ்றே கடுமை. கைப்பைக்கும் இப்போது சில விமான நிலையங்களில் சீ.ரி. (CT) ஸ்கானர் வந்துவிட்டது, அதுவும் பிலிமைக் கெடுக்கும். கண்ணுக்குத் தெரிகிற பொலித்தீன் பையில் போட்டு, கையால் பார்க்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். எடுத்து முடித்த றோலை வாகனத்தின் டாஷ்போர்ட்டில் வைக்காதீர்கள். நான் ஈரத்துணி சுற்றிய போத்தலுக்குப் பக்கத்தில், இறுக்கி மூடிய டப்பாவுக்குள் வைப்பேன்.

கழுவுவதை வீட்டிலேயே செய்யலாம். மணல்காட்டு றோலைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கோப்பியில் கழுவுங்கள். பகிடி இல்லை, 1995இல் அமெரிக்காவின் றொச்செஸ்ரர் தொழில்நுட்பக் கல்லூரியில் கண்டுபிடித்த முறை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், விற்றமின் சி தூள் 16 கிராம், மலிவான உடனடிக் கோப்பி 40 கிராம், 20 பாகையில் 15 நிமிசம். அப்பச் சோடாவைப் போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று என்னைத் திட்டாதீர்கள், இரண்டும் வேறு. எங்கள் தண்ணீர் 28, 30 பாகையில் நிற்கும், ஐஸ் கட்டியைப் பொலித்தீனில் கட்டி மிதக்கவிட்டு இறக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரும் சரிவராது, யாழ்ப்பாணத்து நிலமே சுண்ணாம்புக்கல், சோடாவைப் போட்ட உடனே மோர் மாதிரிக் கலங்கும், காய்ந்த பிறகு பிலிமில் வெள்ளைப் பொட்டு நிற்கும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நல்லது. படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போவை மட்டும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அதற்குக் குசினியில் நல்ல மாற்று இல்லை. மணம் சகிக்காது, அம்மாவிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

மணல்காட்டுக்குப் போவதென்றால் காலை ஆறரைக்கு முதல் நில்லுங்கள், கோயில் வாசல் வழியே வெயில் உள்ளே விழும். முதல் படத்தை அதில் எஃப்16இல் எடுங்கள், அடுத்ததை அசையாமல் நின்று எஃப்8இல் எடுங்கள், எது சரி என்று கழுவின பிறகு எனக்கு எழுதுங்கள். அலுமாரிக்குள் மிச்சம் என்ன கிடக்கிறது என்றும் பாருங்கள், அம்மப்பா லென்ஸ் மூடியையும் மஞ்சள் பில்ரரையும் வேறு எங்கேயாவது, அனேகமாக ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள், வைத்திருப்பார்.